பாரிஷ் என்றால் என்ன? 1900களின் ஆங்கிலேயக் கிராமமும் அதன் தொழில்களும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே இரண்டு எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாரிஷ் என்பது ஒரு தேவாலயமும் அங்கே வழிபட வரும் மக்களும் சேர்ந்த சபை என்பது முதலாவது. கொல்லர், தச்சர், மாவாலைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று எல்லாத் தொழிலாளர்களும் ஊருக்குள்ளேயே இருந்ததால், அந்தக் கிராமங்கள் வெளியுலகின் தயவில்லாமல் தன்னிறைவாக வாழ்ந்தன என்பது இரண்டாவது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு 1900 முதல் 1920கள் வரை அங்கே நடந்த மாற்றங்களைப் படித்தால் எதுவும் பிடிபடாது. பாரிஷ் என்பது யாருக்கு யார் பொறுப்பு, யார் யாருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதைக் காட்டிய எல்லைக்கோடு. கிராமத் தொழில்களோ, குதிரையையும் பண்ணைக் கூலியையும் நம்பி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஒரே ஏற்பாடு. இந்த இரண்டையும் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரே வீடு, பல எல்லைகள்

நாம் குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொள்வோம். அஞ்சலகத்தின் கணக்கில் அது ஓர் எல்லைக்குள் வரும். காவல் நிலையத்தின் கணக்கில் வேறோர் எல்லைக்குள் வரும். பத்திரப் பதிவுக்கும் மின் கட்டணத்திற்கும் இன்னும் வேறு எல்லைகள் இருக்கும். இவை சில இடங்களில் அச்சாகப் பொருந்தும், சில இடங்களில் தெருவின் நடுவிலேயே பிரிந்து போகும். நம் ஊர் எது என்பதை இந்த எல்லைகள் சொல்வதில்லை. எந்தக் காரியத்திற்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதையே சொல்கின்றன. பாரிஷும் இத்தகைய எல்லைதான்.

முதலில் தோன்றியது திருச்சபைப் பாரிஷ். ஒரு தேவாலயத்தின், ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்ட நிலப்பரப்புக்கு அந்தப் பெயர். அதற்குள் வாழ்பவர் கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும், மெதடிஸ்ட் போன்ற வேறு சபையைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், அந்தப் பாரிஷுக்கு உரியவர்தான். அங்கே திருமணம் செய்துகொள்ளவும் அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறவும் அவருக்கு உரிமை இருந்தது. ஆகவே சபை என்ற பொருளில் மட்டும் பாரிஷைப் புரிந்துகொள்வது போதாது.

அந்த நிலப்பரப்பின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு உரியது, அதுவே தசமபாகம். தானியத்தில் கிடைக்கும் பெரிய தசமபாகம் உட்பட அனைத்தையும் பெற்ற குருவானவர் ரெக்டர் எனப்பட்டார். சிறிய தசமபாகத்தை மட்டும் பெற்றவர் விகார் எனப்பட்டார். 1836ஆம் ஆண்டுச் சட்டம் கதிர்க்கட்டாகவும் ஆட்டுக்குட்டியாகவும் கொடுக்கப்பட்டதைப் பணமாக மாற்றி, அந்தத் தொகையைக் கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகிய மூன்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு கட்டி வைத்தது. இதன் விளைவு பின்னால் கடுமையாக இருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஒரு குவார்ட்டர், அதாவது எட்டு புஷல் என்னும் தானிய அளவு, கோதுமை 50 ஷில்லிங்குக்கு மேல் விற்றது (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு); அமெரிக்கச் சமவெளிகளின் மலிவான தானியம் கப்பலில் வந்து இறங்கியபின் 1894இல் அது 22 ஷில்லிங் 10 பென்ஸாக விழுந்தது. தானிய விலைகள் இப்படிச் சரிய, குருவானவரின் தசமபாகப் பணமும் 1901 வாக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. அந்தக் காலத்துக் குருவானவர் எல்லோரும் வசதியாக வாழ்ந்தார்கள் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வகை குடிமைப் பாரிஷ். ஏழைகளைக் காப்பாற்றுவதற்கென்று தனியாக வரி வசூலித்த நிலப்பரப்பு இது; 1866ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஷுக்குத் தந்த விளக்கமே இதுதான். தொடக்கத்தில் இரண்டு வகை எல்லைகளும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய தேவாலயங்களுக்காகத் திருச்சபை தன் எல்லைகளைப் பிரித்தது. அரசு தன் வசதிக்காகக் குடிமை எல்லைகளைத் திருத்தியது. அதனால் 1900இல் ஒரே பெயருள்ள இரண்டு பாரிஷ்கள் இரண்டு வேறு வடிவங்களில் இருப்பது சாதாரணமாகிவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால்: பாரிஷ் ஒரு நிலப்பரப்பு. திருச்சபைப் பாரிஷ் குருவானவரின் பொறுப்பையும், குடிமைப் பாரிஷ் வரியின் எல்லையையும் குறித்தன. கிராமம் என்னும் வீடுகளின் கூட்டம் வேறு. ஒரு பாரிஷுக்குள் இரண்டு மூன்று கிராமங்களும் இருக்கலாம்.

ஏழை வரி ஊரின் முகத்தை மாற்றிய விதம்

எளிய விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி இது. எனக்கு இதுவே மையமாகத் தோன்றுகிறது. 1601ஆம் ஆண்டின் ஏழைச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். அதற்கான வரியை அந்த ஊரில் நிலமும் வீடும் வைத்திருப்பவர்கள் கட்ட வேண்டும். 1662ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகு, வறுமையில் விழுந்தவரை அவருக்கு உரிமையுள்ள பாரிஷுக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. 1834இல் பல பாரிஷ்களை ஒன்றாக்கி யூனியன்கள் அமைத்து, ஒவ்வொரு யூனியனுக்கும் ஓர் ஏழை விடுதி கட்டினார்கள். விடுதி பொதுவானாலும், தன் ஏழைகளுக்கான செலவை அந்தந்தப் பாரிஷே ஏற்கும் நிலை 1865 வரை நீடித்தது.

இப்போது ஒரு நிலக்கிழாரின் இடத்தில் நின்று யோசியுங்கள். ஒரு பாரிஷின் நிலம் முழுவதும் அவருடையது. தொழிலாளிக்கு அங்கே வீடு கட்டிக் கொடுத்தால், அவர் முதுமையடையும்போதோ நோய்ப்படும்போதோ அந்தச் செலவு தம் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் புதிய வீடுகளைக் கட்டாமல், சில இடங்களில் இருந்த வீடுகளையும் இடித்து, ஆட்தொகையைக் குறைவாகவே வைத்துக்கொண்டார். இவற்றை மூடிய பாரிஷ்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். நிலம் பலர் கையில் சிதறிக் கிடந்த பக்கத்துப் பாரிஷில் இந்தக் கட்டுப்பாடு செல்லாது. அங்கே சிறு வியாபாரிகளே வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள், ஆட்கள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். இவை திறந்த பாரிஷ்கள். திறந்த பாரிஷில் தூங்கி எழுந்து, விடியுமுன் நடந்து மூடிய பாரிஷின் வயலுக்கு வேலைக்குப் போவது பல தொழிலாளர்களின் அன்றாட வாழ்க்கையாயிற்று.

1865இல் செலவு யூனியன் முழுவதற்கும் பொதுவானதோடு இந்தக் கணக்கு பொருளற்றதாயிற்று. ஆனால் வீடுகள் ஓரிரவில் இடம் மாறுவதில்லை. 1900இலும் மூடிய ஊரில் பெரிய மாளிகை, அழகான ஒரே மாதிரியான குடிசைகள், நிலக்கிழாரிடமே சம்பளம் வாங்கும் ஒரு தச்சர் என்று அமைதியாக இருந்தது. திறந்த ஊரிலோ இரண்டு மூன்று மதுக்கடைகள், ஒரு மெதடிஸ்ட் ஜெபாலயம், செருப்புத் தைப்பவர், பன்றி வளர்ப்பவர், வண்டிக்காரர், தையற்காரி என்று சந்தடி நிறைந்திருந்தது. கைத்தொழில்கள் எங்கே குவிந்தன என்ற கேள்விக்கு விடை மண்வளத்தில் மட்டும் இல்லை, பழைய வரிப் புத்தகத்திலும் இருக்கிறது.

யார் கையில் அதிகாரம்

1894ஆம் ஆண்டுச் சட்டம் குடிமை அதிகாரத்தை, அதுவரை ஊர்க் காரியங்களை முடிவு செய்துவந்த தேவாலயக் கூட்டத்திடமிருந்து எடுத்து, 300 பேருக்கு மேல் வாழ்ந்த நாட்டுப்புறப் பாரிஷ்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் மன்றங்களை அமைத்தது. பெண்களும் அதில் உறுப்பினராகலாம். நடைபாதை, கல்லறைத் தோட்டம், குடும்பங்கள் காய்கறி பயிரிடும் சிறு துண்டு நிலம் போன்றவற்றை மன்றம் கவனித்தது. செலவுக்குக் கடிவாளம் இருந்தது. மதிப்பிட்ட சொத்தின் ஒரு பவுண்டுக்கு 3 பென்ஸ் வரிக்கு மேல் போக வேண்டுமானால் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும்.

இங்கே ஒரு சிறு விவரம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. மன்றத் தேர்தல் கூட்டத்தில் கைதூக்கித்தான் நடந்தது. யாரேனும் கேட்டால் மட்டுமே வாக்குச்சீட்டு. கை தூக்குகிற கூலியாள் குடியிருக்கும் வீடு பண்ணையாரின் வீடு; வேலை போனால் வீடும் போகும். அதே அறையில் பண்ணையாரும் குருவானவரும் நிலக்கிழாரின் காரியஸ்தரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஒரு சக்கரத்தைப் பார்த்தால் ஊரே தெரியும்

இனி தொழில்களுக்கு வருவோம். பட்டியல் போடுவதைவிட ஒரு வண்டிச் சக்கரத்தை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

சக்கரத் தச்சர் மூன்று வகை மரங்களை மூன்று காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்தார். நடுவிலுள்ள குடத்திற்கு எல்ம் மரம்; அதன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால், சுற்றிலும் துளையிட்டு ஆரக்கால்களை அறைந்தாலும் பிளக்காது. ஆரக்கால்களுக்கு ஓக், அதையும் ரம்பத்தால் அறுக்காமல் நார் ஓடும் வழியிலேயே பிளந்து எடுத்தார்கள், ஏனெனில் நார் அறுபட்ட ஆரக்கால் பாரம் தாங்காது. வெளிவட்டத்தை ஆக்கும் வளைந்த துண்டுகளான வட்டைகளுக்கு ஆஷ் மரம். அது அதிர்ச்சியில் ஒடியாமல் நெகிழ்ந்து கொடுக்கும். ஒவ்வொரு வட்டையும் பொதுவாக இரண்டு ஆரக்கால்களை ஏற்றது. மரம் வெட்டிய நாளிலிருந்து அது சக்கரமாகும் நாள் வரை ஆண்டுக்கணக்கில் உலர வேண்டும். ஆகவே இன்று வெட்டும் மரம் தம் மகனுடைய தொழிலுக்கே உதவும் என்ற எண்ணத்தோடு தச்சர்கள் மரம் வாங்கினார்கள்.

மரவேலை முடிந்ததும் சக்கரம் கொல்லரிடம் போகும். கைப்பிடியுள்ள ஒரு சிறிய இரும்பு வட்டத்தைச் சக்கரத்தின் விளிம்பில் உருட்டிச் சுற்றளவை அளந்து, அதைவிடச் சற்றே சிறிதாக இரும்புப் பட்டையை வளைத்து, முனைகளை உலையில் பற்றவைப்பார். பிறகு திறந்தவெளியில் நெருப்பு மூட்டி அந்த வளையத்தைக் காய்ச்ச, அது விரியும். தரையில் பதித்த இரும்புத் தட்டின்மேல் சக்கரத்தைத் திருகி இறுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேர் நீண்ட இடுக்கிகளால் வளையத்தைத் தூக்கி அதன்மேல் இறக்குவார்கள். மரம் பற்றி எரியத் தொடங்கும். உடனே தண்ணீரை ஊற்றுவார்கள். புகைக்கும் நீராவிக்கும் நடுவே இரும்பு சுருங்க, தளர்வாக இருந்த இணைப்புகள் எல்லாம் முனகிக்கொண்டு இறுகும். ஆணியோ பசையோ செய்ய முடியாததை இரும்பின் சுருக்கம் செய்துவிடும். வறண்ட கோடையில் மரம் சுருங்கிப் பட்டை தளர்ந்தால், அதைக் கழற்றிக் குறைத்து மறுபடியும் ஏற்றும் வேலை கொல்லருக்குத் திரும்ப வரும்.

ஒரு சக்கரத்திற்கே இரண்டு பட்டறைகள் வேண்டும். அந்த வண்டியை இழுக்கும் குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். அதுவும் கொல்லர் வேலை. கழுத்துப் பட்டையையும் வார்களையும் தைக்கச் சேணக்காரர் வேண்டும். குதிரையைப் பேண வண்டியோட்டி வேண்டும். ஏரில் பூட்டினால் அதன் பின்னால் நடக்க உழவர் வேண்டும். 9 அங்குல அகலச் சாலாக ஒரு ஏக்கரை உழுது முடிக்க 11 மைல் நடக்க வேண்டும். ஒரு சோடிக் குதிரைக்கும் ஒரு மனிதருக்கும் ஒரு நாள் வேலை அது. வாரத்தில் சந்தை கூடும் நாளில் நகரத்துக்குப் போய்வரும் பாரவண்டிக்காரரும் குதிரையை நம்பித்தான் பிழைத்தார். ஊராருக்கு வேண்டிய மருந்தையும் துணியையும் வாங்கி வருவதும், இரண்டொருவரை ஏற்றிக்கொள்வதும் அவர் பிழைப்பு.

பணமும் இதே சங்கிலியில்தான் ஓடியது. பண்ணையார் கொல்லருக்கும் தச்சருக்கும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்தார். கூலியாளோ அறுவடைக் காலத்தில் கிடைக்கும் கூடுதல் பணத்தில் வீட்டு வாடகையையும் குடும்பத்தின் பூட்ஸ் கடனையும் அடைத்தார். அறுவடை பொய்த்தால் செருப்புத் தைப்பவருக்கும் பணம் வராது.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது: இந்தத் தொழில்கள் தனித்தனிக் கடைகள் அல்ல. குதிரை, பண்ணை, கூலி என்ற மூன்று முடிச்சுகளில் எது அவிழ்ந்தாலும் மற்றவையும் தளரும்.

ஒரு கையில் இரண்டு தொழில்

எளிய மக்களில் பலருக்கு ஒரே தொழில் என்று எதுவும் இல்லை. கொல்லரே பீர் விற்பார். தச்சரே சவப்பெட்டி செய்து அடக்க ஏற்பாட்டையும் கவனிப்பார். தேவாலயத்தில் மணியடிப்பவர் கல்லறைக் குழி வெட்டிவிட்டு மற்ற நாட்களில் தோட்டவேலை செய்வார். இது திறமையின் பெருமையால் மட்டும் வந்த பழக்கம் அல்ல. ஒரு தொழிலின் வருமானம் போதவில்லை என்பதே காரணம்.

பண்ணைக் கூலியின் நிலை அதைவிட மோசம். 1913இல் சீபோம் ரவுன்ட்ரீயும் மே கெண்டலும் வெளியிட்ட ஆய்வு, கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் உடல் நலத்தோடு உயிர்வாழ வாரம் 20 ஷில்லிங் 6 பென்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள ஐந்து கவுண்டிகளை, அதாவது மாவட்டங்களை, தவிர வேறெங்கும் பண்ணைத் தொழிலாளியின் சராசரி வருமானம் அந்த அளவை எட்டவில்லை. சுரங்கமும் ஆலையும் அருகில் இருந்த இடங்களில் பண்ணையார்கள் ஆளைத் தக்கவைக்கக் கூடுதலாகக் கொடுத்தார்கள்; ஆக்ஸ்ஃபோர்டுஷயர் போன்ற தெற்குக் கவுண்டிகளில் அந்தப் போட்டி இல்லை. பசுமையான மலைச்சரிவும் ரோஜாக் கொடி படர்ந்த குடிசையும் இருந்த அதே இடத்தில் பசியும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

பள்ளத்தை நிரப்பியது பெண்களின் உழைப்பு. வூஸ்டர்ஷயரில் வீட்டிலிருந்தபடி கையுறை தைத்தார்கள். பக்கிங்ஹாம்ஷயரிலும் டெவனின் ஹானிட்டன் பகுதியிலும் லேஸ் பின்னினார்கள். பெட்ஃபோர்டுஷயரில் தொப்பிக்கான வைக்கோல் பின்னல் பல குடும்பங்களைக் காத்துவந்தது. 1870கள் முதல் சீனாவிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்திறங்கியபின் அது 1900களில் ஏறத்தாழ மறைந்தே போனது. தன்னிறைவான கிராமம் என்ற கருத்து இங்கே உடைகிறது: ஒரு குடிசையின் அடுப்பு எரிவது கப்பலில் வரும் சரக்கின் விலையைப் பொறுத்திருந்தது. சில்டர்ன் மலையின் பீச் காடுகளில் நாற்காலிக் கால்களைக் கடைந்தவர்களும் ஊராருக்காக அவற்றைக் கடையவில்லை; ஹை விக்கம் நகரின் நாற்காலித் தொழிற்சாலைகளுக்கே அனுப்பினார்கள்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் பாரிஷ் தாள்களால்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும் வழக்கம் 1538இல் தொடங்கியது. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேட்டின் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலுக்கென்று ஒரு பத்தி வந்தது. 1837 முதல் திருமணப் பதிவேட்டில் மணமகனின் தொழிலும் இருவருடைய தந்தையரின் தொழிலும் இடம்பெற்றன. மணமகளின் பத்தியில் பெரும்பாலும் ஒரு கோடுதான். அவள் பதினைந்து வயது முதல் கையுறை தைத்திருந்தாலும் அந்தக் கோடு மாறவில்லை.

வணிகர் விவரத் திரட்டுகள் மறுபக்கம் ஏமாற்றும். கெல்லி நிறுவனம் வெளியிட்டவை போன்ற திரட்டுகள் ஒவ்வொரு பாரிஷிலும் இருந்த கொல்லர், கடைக்காரர், பண்ணையார் ஆகியோரின் பெயர்களைக் கொடுத்தன. பண்ணைக் கூலிகளின் பெயர்களைக் கொடுக்கவில்லை. இருபது தொழில்காரர்களின் பெயரை அதில் படிப்பவர் அது கைவினைஞர்களின் ஊர் என்று நினைப்பார். அதே ஊரின் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பண்ணைத் தொழிலாளர்களும், வேறு ஊர்களின் மாளிகைகளில் வீட்டுவேலைக்குப் போய்விட்ட அவர்களுடைய மகள்களால் ஏற்பட்ட வெற்றிடமும் தென்படும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஊர் முழுமையாகத் தெரியும்.

முடிச்சுகள் அவிழ்ந்த விதம்

முதலில் போனது மாவாலை. 1880களிலிருந்து துறைமுகங்களில் எழுந்த உருக்கு உருளை ஆலைகள் இறக்குமதிக் கோதுமையை அங்கேயே மாவாக்கின. கிராமத்துக் காற்றாலையும் நீராலையும் மாட்டுத் தீவனம் அரைக்கும் நிலைக்கு இறங்கின. நார்தாம்டன் ஆலைகளின் பூட்ஸ் வந்ததும் செருப்புத் தைப்பவர் பழுதுபார்ப்பவரானார். 1902ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு சான்றிதழ் இல்லாத மருத்துவச்சிகள் படிப்படியாக ஒதுக்கப்பட்டார்கள். 1909 ஜனவரி முதல் 70 வயதைக் கடந்த ஏழைகள் வாரத்துக்கு 5 ஷில்லிங் ஓய்வூதியத்தை அஞ்சலகத்தில் பெற்றுக்கொண்டார்கள். முதுமையில் யூனியனின் முன்னால் கைநீட்டி நிற்க வேண்டிய அவலம் அவர்களில் பலருக்கு நீங்கியது. எனக்கு இந்தக் காலத்தின் மிகப் பெரிய மாற்றமாகத் தோன்றுவது இதுதான்.

1914 ஆகஸ்டில் படை பண்ணைகளிலிருந்து குதிரைகளை எடுத்துச் சென்றது. அவற்றை ஓட்டிய இளைஞர்களும் பின்னாலேயே போனார்கள். 1917இல் உணவுத் தட்டுப்பாட்டின் அச்சத்தில் அரசு பண்ணைத் தொழிலாளிக்கு வாரம் 25 ஷில்லிங் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியது. 1921இல் அந்தச் சட்டத்தை விலக்கியதும் கூலி மறுபடி சரிந்தது. பிறகு குதிரையின் இடத்தை லாரியும் பேருந்தும் டிராக்டரும் பிடிக்கத் தொடங்கின, ஒரே வேகத்தில் அல்ல. பாரவண்டிக்காரர் 1920களிலேயே பேருந்திடம் தோற்றார். வயலில் குதிரையோ இரண்டாம் உலகப் போர் வரை பெரும்பாலும் நிலைத்தது. சக்கரத் தச்சருக்குத் தொழில் வெறுமனே குறைந்தது. கொல்லருக்கு மட்டும் மாற்று வழி திறந்தது, ஏனெனில் இரும்பைத் தெரிந்தவரால் மிதிவண்டியையும் அறுவடை இயந்திரத்தையும் பின்னர் மோட்டாரையும் பழுதுபார்க்க முடிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஹெடிங்டன் குவாரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்கள் செங்கல் அறுத்தும் பெண்கள் நகரத்துத் துணிகளை வெளுத்தும் வாழ்ந்த திறந்த வகை ஊர் அது. சில மைல் தொலைவிலுள்ள கவுலியில், மிதிவண்டி பழுதுபார்ப்பில் தொழிலைத் தொடங்கிய வில்லியம் மோரிஸ் 1913 முதல் கார்களை உற்பத்தி செய்தார். 1920களில் அந்தத் தொழிற்சாலை சுற்றுவட்டாரப் பாரிஷ்களிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டது. பண்ணையில் ஒரு வாரம் கிடைத்ததைவிட அங்கே கணிசமாக அதிகம் கிடைத்தது. வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை.